பிடிக்காத உண்மையைக் கண்டுபிடித்த மனிதர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். ஹாஸ்டல் நினைவுகளை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். முதலாண்டு பௌதிகத்தில் நாம் எல்லோரும் இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த ஒரு வரி உண்டு: போட்டானின் ஆற்றல் என்பது பிளாங்க் மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கிய தொகை. அந்தப் பிளாங்க் யார்? அதிர்வெண் ஏன் அங்கே வந்து உட்கார்ந்தது?

கேட்க வேண்டிய கேள்விதான். அலை என்றால் அதன் பலம் உயரத்தில்தானே இருக்கிறது? வோல்டேஜைக் கூட்டினால் பவர் கூடுகிறது. கடலில் பெரிய அலைதான் படகைக் கவிழ்க்கிறது. ஒளிக்கு மட்டும் என்ன தனி நியாயம்?

மாக்ஸ் பிளாங்க் 1858 ஏப்ரல் 23 அன்று ஜெர்மனியின் கீல் நகரில் பிறந்தார். அப்பா சட்டப் பேராசிரியர். 1867-ல் குடும்பம் மூனிச்சுக்கு வந்தது. பையனுக்குப் பியானோ, ஆர்கன், செல்லோ எல்லாம் கைவந்த கலை. இசையா பௌதிகமா என்று யோசித்துப் பௌதிகத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த பேராசிரியர் யாலி, பௌதிகத்தில் எல்லாம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, மூலை முடுக்கில் தூசு தட்டும் வேலைதான் பாக்கி என்கிற மாதிரி அறிவுரை சொன்னார். பிளாங்க் அசரவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கும் ஆசை தமக்கில்லை, இருப்பதை ஆழமாகப் புரிந்துகொண்டால் போதும் என்றார். 21 வயதில் டாக்டர் பட்டம். 1889-ல் பெர்லின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒழுங்கும் மரபும் மிகுந்த மனுஷர். புரட்சிக்கும் அவருக்கும் வெகு தூரம்.

அப்போது பெர்லினில் அரசின் அளவியல் ஆய்வுக்கூடத்தில், சூடான உலையின் சிறு துளை வழியே வெளிவரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளந்துகொண்டிருந்தார்கள். கொல்லன் பட்டறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரும்பு காயக் காய முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் வெளுக்கும். இந்த நிறமாற்றத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். பழைய பௌதிகத்தின்படி வெப்பம் எல்லா அதிர்வுகளுக்கும் சம பங்கு கொடுக்க வேண்டும். அதிர்வெண் கூடக்கூட அதிர்வு வகைகளும் கூடிக்கொண்டே போவதால், சமையலறை அடுப்புகூட ஊதாவையும் புற ஊதாவையும் எல்லையில்லாமல் கொட்ட வேண்டும்! நடப்பது அப்படியில்லையே.

1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. அளவுகளை எடுத்துக்கொண்டிருந்த ரூபன்ஸ் தம் மனைவியோடு பிளாங்க் வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் புதிய அளவுகளைச் சொன்னார். விருந்தாளிகள் போனதும் பிளாங்க் உட்கார்ந்து அன்று மாலையே ஒரு சூத்திரம் கண்டுபிடித்து, அதைத் தபால் கார்டில் ரூபன்ஸுக்கு அனுப்பிவிட்டார். அளவுகளோடு அச்சாகப் பொருந்தியது. அக்டோபர் 19 அன்று சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்லியும் ஆயிற்று.

வேறு ஒருவராக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பார். பிளாங்குக்கு மனசு ஆறவில்லை. பொருந்துகிறது, சரி, ஏன் பொருந்துகிறது? இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில், அதுவரை தமக்குப் பிடிக்காத போல்ட்ஸ்மானின் நிகழ்தகவு முறையையே கையிலெடுத்தார். கணக்குக்காக ஆற்றலைத் துண்டு துண்டாக நறுக்கினார். துண்டின் அளவைப் பிறகு பூஜ்யமாக்கிவிடுவதுதான் வழக்கம். ஆனால் அப்படிச் செய்தால் சூத்திரம் கெட்டது. துண்டு துண்டாகவே இருக்க வேண்டியிருந்தது. அதோடு, சூடேற ஏற நிறம் எப்படி நகரும் என்று வீன் 1893-ல் கண்ட விதிக்கு உட்பட வேண்டுமானால், துண்டின் அளவு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருந்தே ஆக வேண்டும். வேறு வழியே இல்லை. 1900 டிசம்பர் 14 அன்று இதைச் சங்கத்தில் வாசித்தார்.

கடைத்தெருவாக வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒரு கடை. தாழ்ந்த அதிர்வெண் கடையில் பத்துப் பைசாவுக்கும் சரக்கு கிடைக்கும். உயர்ந்த அதிர்வெண் கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இல்லாமல் எதுவும் நடக்காது, சில்லறை வியாபாரமே கிடையாது. பையில் ஐம்பது ரூபாய் வைத்திருப்பவன் அங்கே என்ன செய்வான்? சுமார் 730 டிகிரி செல்சியஸில் இருக்கும் இரும்பில், ஓர் அதிர்வுக்கு வெப்பம் கொடுக்கும் சராசரிப் பங்கு சுமார் 0.09 எலெக்ட்ரான் வோல்ட். சிவப்பின் ஒரு துண்டு 1.8, ஊதாவின் ஒரு துண்டு 3.1. சராசரியைப்போல் இருபது மடங்கு தேறினால்தான் சிவப்பு, முப்பத்தைந்து மடங்குக்குக் குறையாமல் தேறினால்தான் ஊதா. அதனால்தான் இரும்பு முதலில் சிவக்கிறது.

1905-ல் ஐன்ஸ்டீன் ஒருபடி மேலே போனார்: ஒளியே இப்படிப் பொட்டலமாகத்தான் வருகிறது என்றார். பிளாங்குக்கு இது ஜீரணமாகவில்லை. 1913-ல் ஐன்ஸ்டீனை அகாதெமிக்குச் சிபாரிசு செய்தபோதுகூட, இந்த ஒரு விஷயத்தில் இலக்குத் தவறியிருக்கலாம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்கிற மாதிரிதான் எழுதினார். அமெரிக்காவில் மில்லிகனும் நம்பாமல் பல வருஷம் அளந்து பார்த்தார். மங்கலான ஊதா ஒளி சோடியத்திலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது, எவ்வளவு பிரகாசமான சிவப்பு விளக்கும் பிடுங்கவில்லை. 1916-ல் அவருக்குக் கிடைத்ததும் அதே பிளாங்க் மாறிலி! போட்டான் என்ற பெயர் 1926-ல்தான் வழக்கத்துக்கு வந்தது.

ஐன்ஸ்டீன் 1905-லேயே இன்னொன்றும் கவனித்தார். ஓடிக்கொண்டே ஒளியைப் பார்ப்பவனுக்கு அதன் அதிர்வெண்ணும் ஆற்றலும் ஒரே விகிதத்தில்தான் மாறும். ஆக, இரண்டுக்கும் உள்ள விகிதம் நிற்பவனுக்கும் ஓடுபவனுக்கும் ஒன்றே. நம் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான். அந்த விகிதம் ஏன் அவ்வளவு சின்ன எண்ணாக இருக்கிறது என்றால், அது இயற்கை வைத்த விலை. நாம் அளந்துதான் தெரிந்துகொண்டோம்.

1918-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பிளாங்குக்கு வந்தது. வீட்டிலோ அடுக்கடுக்காகத் துக்கம். 1909-ல் மனைவி போனார். 1916-ல் மூத்த மகன் கார்ல் வெர்டன் போரில் இறந்தார். இரட்டையரான மகள்கள் 1917-லும் 1919-லும் ஒருவர் பின் ஒருவராகப் பிரசவத்தில் போனார்கள். 1933-ல் யூத விஞ்ஞானிகளுக்காக ஹிட்லரையே நேரில் பார்த்துப் பேசினார். பலனில்லை. நாட்டைவிட்டுப் போகவும் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்பவர்களும் உண்டு. 1944-ல் குண்டு விழுந்து பெர்லின் வீடு, வாழ்நாள் காகிதங்களோடு எரிந்தது. 1945 ஜனவரியில், ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்ததாக மகன் எர்வினைத் தூக்கிலிட்டார்கள். அப்போது அப்பாவுக்கு வயது 86.

1947 அக்டோபர் 4 அன்று கேட்டிங்கனில் காலமானார். கல்லறைக் கல்லில் அவர் பெயரோடு அந்த மாறிலியும் செதுக்கப்பட்டிருக்கிறது. 2019 மே 20 முதல் உலகத்தின் கிலோகிராமே அந்த எண்ணை வைத்துத்தான் நிர்ணயிக்கப்படுகிறது. பாரிஸ் அருகே பூட்டிவைத்திருந்த உலோக உருளைக்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

தாம் நம்பியதற்கு எதிராகக் கணக்கு வந்தபோது கணக்கைத் திருத்தாமல் நம்பிக்கையைத் திருத்திக்கொண்டார், அதுவும் மனசில்லாமல். சைட்டிலும் ஆபீஸிலும் ரீடிங் நமக்குப் பிடித்தமாதிரி வராத நாள்கள் நம் எல்லோருக்கும் உண்டு. அன்றைக்கு இந்த மனுஷரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம் நண்பர்களே.