ராமாநுஜனும் 'பை' என்னும் எண்ணும்

வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுக்க வரும் எண்ணுக்குப் 'பை' என்று பெயர். அது 3.14 எனத் தொடங்குவதால், மார்ச்சு 14-ஆம் நாளை அதன் திருநாளாக 1988 முதல் அமெரிக்கர் கொண்டாடுகின்றனர். அன்று, அதே ஒலியுடைய 'பை' என்னும் வட்டமான பழப் பணியாரத்தை வீட்டிலே சுட்டு உண்பர். அவ்வெண்ணுக்கு அரிய வாய்பாடுகளை அளித்தவர் ஒருவர், நம் வியாசர்பாடிக்கு அண்மையிலுள்ள சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்.

ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே கருத்தூன்றியமையால் கல்லூரிப் பரீட்சையில் தவறினார். 1912-இல் மாதம் 30 ரூபாய்க்குத் துறைமுக அலுவலில் அமர்ந்தார். மறுவருஷம் ஹார்டி என்னும் கணிதப் பேரறிஞருக்கு எழுதிய கடிதத்தின் பயனாக, 1914 மார்ச்சு 17-இல் கேம்பிரிட்ஜ் நோக்கிக் கப்பலேறினார். அவ்வாண்டே அவர் வெளியிட்ட கட்டுரை, பையின் மதிப்பை விரைவிற் காணும் வழிகளைக் கூறிற்று. அவற்றுள் ஒன்றில் ஒவ்வோர் உறுப்பும் ஏறக்குறைய 8 தசம இலக்கங்களைத் தரும். 1985-இல் அதனைக் கொண்டே கணிப்பொறி 1 கோடியே 75 லட்சம் இலக்கங்களைக் கண்டது.

ஆயினும் அவருடைய அடுப்போ எளியது. மரக்கறி உணவே கொள்ளும் நியமத்தால், குளிர் நாட்டிலும் தாமே சமைத்து உண்டார். யுத்த காலமாதலின் காய்கறி அரிதாயிற்று, வேளையும் தவறிற்று. 1917-இல் நோயுற்றார். 1918-இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1919-இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26-இல், 32-ஆம் வயதில், சேத்துப்பட்டிற் காலமானார்.

மாணவ நண்பர்களே, அத்திருநாளில் நாமும் ஒரு பணியாரம் சுட்டுப் பகிர்ந்துண்போம். அறிவைப் போற்றும் நாம், அறிஞர் உண்டனரா என்றும் வினவுதல் வேண்டுமன்றோ?