வேலூரின் மருத்துவ அன்னை ஐடா ஸ்கடர்

ஒரகடம் கூட்டுச் சாலையிலிருந்து மேற்கே பிரியும் வழி வாலாஜாபாத்தையும் காஞ்சிபுரத்தையும் தொட்டு, இராணிப்பேட்டைக்கும் அதற்கப்பால் வேலூருக்கும் இட்டுச் செல்கிறது. வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று ஒருவர் சொன்னால் அவர் கோட்டையைக் குறிப்பதில்லை என்பது இவ்வட்டாரத்தில் எவர்க்கும் தெரியும். ஊர்ப் பெயர் ஒன்று மருத்துவமனையின் பெயராகவும் நம்பிக்கையின் பெயராகவும் விரிந்து வழங்குவது மொழியில் அரிதாகவே நிகழும். அவ்வூர்ப் பெயருக்கு இப்பொருளை ஈட்டித் தந்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

குடும்பமும் இளமையும்

அம்மையாரின் பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு மருத்துவத் தொண்டராக வந்து, யாழ்ப்பாணப் பகுதியில் பணியாற்றியபின் சென்னைக்குப் பெயர்ந்தவர். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தென்னிந்தியாவிலேயே தொண்டு புரிந்தனர். இம்மரபில் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தைச் சிறுமியாகக் கண்ணால் கண்டவர். அக்காட்சிகள் அவரை இந்நாட்டின்பால் ஈர்க்கவில்லை, விலகவே செய்தன. படிப்பதற்காக அமெரிக்கா சென்ற ஐடாவுக்கு மீண்டும் திரும்பும் எண்ணம் இருக்கவில்லை. 1890இல் தாயார் நோயுற்றதால், சில காலம் உடனிருந்து திரும்பிவிடலாம் என்ற கருத்துடனே திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர் அவருடைய வாயிலுக்கு வந்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவரும் உயர்குடி இந்து. மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாக ஐடா சொன்னார். அயல் ஆடவர் தம் மனைவியரைத் தொட வழக்கம் இடந்தராது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார், பெண் மருத்துவர் இல்லை என்ற ஒரே குறையால் மூன்று உயிர்கள் போயின.

இந்நிகழ்ச்சி பலராலும் சொல்லப்பட்டுப் பழகிய கதையாகிவிட்டது. ஆயினும் அந்த இரவைவிடப் பெரிது, அதற்குப் பின்வந்த உழைப்பு. 1895இல் பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஐடா, கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது அங்கு மாறி, 1899இல் அதன் முதல் பெண் பட்டதாரிகளுள் ஒருவரானார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் அளித்தார்.

ஓர் அறையிலிருந்து கல்லூரி வரை

1900இன் தொடக்கத்தில் வேலூர் வந்த ஐடாவுக்கு வழிகாட்டியாக இருந்திருக்க வேண்டிய தந்தையார் அவ்வாண்டிலேயே காலமானார். வீட்டின் சிற்றறை ஒன்றே மருந்தகமாயிற்று. சமையற்காரரின் மனைவி சலோமி உதவியாளரானார். முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகள் வந்தனர். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி அவரே சென்றார். முதலில் மாட்டுவண்டியிலும், 1909 முதல் சிறு மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையில் சென்று, மர நிழல்களில் நிறுத்தி மருந்தளித்தார். அவ்வாண்டிலேயே செவிலியர் பயிற்சியும் தொடங்கிற்று. ஒருவர் ஓயாது உழைத்தாலும் மரத்தடியில் காத்திருப்போர் தொகை குறையாது என்பதை இச்சாலைப் பயணங்களே அவருக்கு உணர்த்தின. தம்மைப் போன்ற பெண்களை உருவாக்குவதே வழி எனத் துணிந்தார். ஆட்சியாளர் பலரும் ஐயுற்றபோதும், 1918 ஆகஸ்டு 12ஆம் நாள் மகளிர் மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. முதலாண்டுத் தேர்வு எழுதிய மாணவியர் அனைவரும் தேறினர். 1932இல் பாகாயத்தின் குன்றுகளிடையே பள்ளிக்கெனத் தனி வளாகம் அமைந்தது.

பல்கலைக்கழகத்தின் வாயிலில்

அம்மையாரின் வாழ்வில் பெருஞ்சோதனை முதுமையில் வந்தது. வேலூர்ப் பள்ளி வழங்கியது பட்டயமே, பட்டம் அன்று. மருத்துவக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்டமாகவே அமைய வேண்டும் என 1938இல் சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. மருத்துவரிடையே மேல், கீழ் என்ற இருநிலை கூடாது என்னும் நோக்கில் அம்முடிவு நியாயமானதே. ஆனால் பட்டக் கல்லூரியாக உயர்வதற்கு மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்களும், ஆய்வுக் கூடங்களும், மிகுதியான படுக்கைகளும் வேண்டும். இல்லையேல் இருபதாண்டு உழைப்பு இழுத்து மூடப்படும்.

1941இல், எழுபது வயதில், அம்மையார் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். அங்கே பணத்தினும் கடினமான வினா ஒன்று காத்திருந்தது. ஆண்களுக்கும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை இந்தியாவில் நெடுநாளாக இருந்தது. வேலூரை இருபாலர்க்கும் உரியதாக்கினால் பல திருச்சபைகளின் பொருளும் ஆளும் வந்து சேரும். ஆனால் வேலூர் பெண்களுக்காக, பெண்கள் சிறுகச் சேர்த்த காசினால் எழுந்தது. அந்நிதியைத் திரட்டியதில் முன்னின்றவர் லூசி பீபாடி அம்மையார். ஆண்களைச் சேர்ப்பது தொடக்க நோக்கத்தைக் கைவிடுவதாகும் என்று அவர் உறுதியாக எதிர்த்தார்.

இரு பக்கமும் அறம் இருந்தது. திண்டிவனத்து மூன்று பெண்களின் நினைவால் எழுந்த நிறுவனத்தை ஆடவர்க்கும் திறப்பது எளிய முடிவன்று. திறவாவிடில் அங்கு பெண்களுக்கும் கல்வி இல்லாமற் போகும். ஐடா அம்மையார் இருபாலர் கல்லூரியை ஏற்றார். அதற்கு விலையாக நெடுநாள் நட்பில் விரிசல் விழுந்தது. நிறுவனம் தம் விருப்பத்தைவிட நீண்டு வாழ வேண்டும் என்று கருதியோரே இத்தகைய விலையைக் கொடுக்க முன்வருவர்.

இதற்கிடையே, செங்கல்பட்டில் தொழுநோயாளர்க்குப் பணியாற்றிவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் வேலூரின் முதல்வராகப் பொறுப்பேற்றார். அவர் முயற்சியால் 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக இணைப்பு கிடைத்து, எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று. 1946இல் செவிலியர் பள்ளியும் பட்டக் கல்லூரியாயிற்று. 1947இல் ஆண் மாணவர் சேர்ந்தனர். 1950இல் நிலையான இணைப்பு வந்தது. அம்மையார் 1946இல் ஓய்வு பெற்றபின், டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியப் பெண்மணியானார்.

மும்முகத் தொண்டு

நோய் தீர்த்தல், கற்பித்தல், ஆராய்தல் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையொன்று வளர்ப்பதே பல்கலைக்கழகம் சார்ந்த மருத்துவ நிறுவனத்தின் இயல்பு. இணைப்பின் பயன் வேலூரில் விரைவிலேயே வெளிப்பட்டது. காக்ரேன் அழைத்துச் சென்று காட்டிய தொழுநோயாளரின் மடங்கிய விரல்கள், 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டின் சிந்தையைக் கிளறின. தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதில்லை. உணர்விழந்த கை, சூடும் காயமும் அறியாமல் தன்னைத்தானே சிதைத்துக்கொள்கிறது என்று அவர் கண்டறிந்தார். தசைநாண்களை இடம்மாற்றித் தைத்து, மடங்கிய கைகளை மீண்டும் விரியச் செய்தார். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை இங்குத் தொடங்கினார். 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் திரட்டிய குருதி மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்ததும் வேலூர் ஆய்வுக் கூடத்தில்தான். சாலையோர மருந்தகத்தின் மரபு கிராம நலத் திட்டங்களாக வளர்ந்தது.

அம்மையார் 1960 மே 24ஆம் நாள், தம் 89ஆம் வயதில் கொடைக்கானல் இல்லத்தில் இயற்கை எய்தினார். அவர் உடல் வேலூரில் அடக்கம் செய்யப்பெற்றது. கல்லூரி பின்னர்த் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. 2022இல் அதன் புதிய வளாகம், அம்மையார் பிறந்த இராணிப்பேட்டையிலேயே திறக்கப்பெற்றது. மருத்துவமனை முன்னுள்ள தெருவுக்கு ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர். தொலைவிலிருந்து பிணியாளரைத் தாங்கி வருவோர், அப்பெயருக்குரியவர் யார் என்று அறிந்தும் அறியாமலும், நாள்தோறும் அச்சாலையில் நம்பிக்கையோடு நடந்துகொண்டிருக்கின்றனர்.