காட்டில் காத்திருந்தவர்: கென்னத் ஆண்டர்சன் (1910–1974)



ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் பாறை முனையில் நின்று, வானம் தெளிந்த நாளில் மேற்கே நோக்கியிருப்பீர்கள். தொலைவில் மேட்டூர் நீர்த்தேக்கம் வெள்ளித் தகடு போல மின்னும். அதற்கும் வடக்கே பெண்ணாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி என்று காடு விரிந்து கிடக்கிறது. 1965-ம் ஆண்டில் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அக்காடுகள் யாவும் நம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவையே. அங்கே எத்தனையோ இரவுகள் கண்விழித்துக் காத்திருந்த ஒருவருடைய சரித்திரத்தை இவ்வாரம் உங்களுக்குச் சொல்லுகிறோம்.

கென்னத் ஆண்டர்சன் 1910 மார்ச் 8-ம் தேதி ஹைதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சம், ஆனால் பல தலைமுறையாக இந்த நாட்டிலேயே வேர் விட்ட குடும்பம். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும், பின்பு அர்ச். சூசையப்பர் கல்லூரியிலும் படித்தார். சில காலம் தபால் தந்தி இலாகாவிலும், பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் உத்தியோகம் பார்த்தார். வேட்டையில் ஆசை தகப்பனாரிடமிருந்து வந்தது. லீவு கிடைத்தால் போதும், துப்பாக்கியோடு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். தமிழும் கன்னடமும் பேசுவார். ஆகவே மலை ஜனங்களோடு பழக அவருக்கு ஒருவரும் இடையில் தேவைப்படவில்லை.

காட்டு மிருகத்தை மறைந்திருந்து எதிர்கொள்ள வழிகள் இரண்டு. மரத்தின் மேல் பரண் கட்டி உட்காருவது ஒன்று. தரையிலேயே குழி தோண்டியோ, முள்ளையும் தழையையும் சுற்றி அடைத்தோ பதுங்கியிருப்பது மற்றொன்று. பரணில் இருப்பவனுடைய வாடை பெரும்பாலும் மிருகத்தின் தலைக்கு மேலாகவே போய்விடும். தரையில் இருப்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை. மானின் மூக்கும் அவன் மூக்கும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, தான் இருக்கும் இடத்திலிருந்து மான் வரும் வழிக்குக் காற்றுப் போகாதபடி இடம் தேட வேண்டும். புது மண்ணின் மணம் அடங்கும்வரை சில நாள் பொறுக்க வேண்டும். அடைத்த தழை வாடி நிறம் மாறினால் மான் கண்டுகொள்ளும். மாற்றி வைக்க வேண்டும். பீடி கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, இருமல் கூடாது. கொசு கடித்தாலும் கை அசையக் கூடாது. பாம்பும் தேளும் வரலாம்; கரடியும் யானையும் வரலாம். இத்தனையும் பொறுத்தவனுக்குத்தான் காடு தன் கதவைத் திறக்கும்.

இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார் அல்ல, மலையில் பிறந்தவர்களே. பெண்ணாகரத்தை அடுத்த முத்தூர்ப் பக்கம், சின்னாற்றங்கரையைச் சுற்றி வாழ்ந்தவர் பூசாரி இனத்துப் பைரா. உடுக்க ஒரு கோவணம், கையில் ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி. இவைதாம் அவருக்கு ஆஸ்தி. ஆனால் ஒரு குளம்படியைப் பார்த்து, போனது எந்த மிருகம், எப்போது போயிற்று என்று சொல்லக்கூடியவர். லைசென்ஸ் இல்லாமல் மான் சுடுகிறவர் என்பதையும் ஆண்டர்சன் ஒளிக்கவில்லை. 1954-ல் வெளிவந்த தம் முதல் வேட்டை நூலில் பைராவுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். துரை என்றும் ஏழை என்றும் பாராமல் இருவரும் கடைசிவரை சிநேகிதராக இருந்தார்கள். காட்டைப் பற்றித் தமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு பைராவிடம் கற்றதே என்று ஆண்டர்சன் நன்றியோடு ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒரு நியாயத்தை யோசித்துப் பாருங்கள். அது சர்க்கார் ரிசர்வ் காடு. 1882-ம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், விதியை மீறி அங்கே வேட்டையாடுவதையும், சுருக்கு வைப்பதையும், தண்ணீரில் விஷம் கலப்பதையும் குற்றமாக வைத்தது. பசித்தவன் ஒரு மானைச் சுட்டால் குற்றம். பணமுள்ளவன் லைசென்ஸ் வாங்கிச் சுட்டால் குற்றமில்லை. இது மலை ஜனங்களுக்கு மனத்தாங்கலாயிருந்ததில் ஆச்சரியம் என்ன? ஆனாலும் மானின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. கோடையில் ஓடைகள் வற்றி ஒரே ஒரு மடு மிஞ்சும். தாகத்தால் வாடிய மான் அங்கே வந்தே தீரவேண்டும். வேறு போக்கிடம் இல்லை. அந்த மடுவின் கரையில் குழிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு இருந்தால், சினையென்றும் குட்டியென்றும் பாராமல் கூட்டமே அழிந்துபோகும். கண்ணியமான வேட்டைக்காரர்கள் இதை இழிவென்று ஒதுக்கினார்கள். பைராவின் பசியை அறிந்த ஆண்டர்சனும், விற்பனைக்காக மான்களைக் கொன்று குவித்தவர்களையும், இரவில் மோட்டார் விளக்கைப் பாய்ச்சிச் சுட்டவர்களையும் தம் எழுத்தில் கடுமையாகக் கண்டித்தார்.

அவர் தம் பொறுமையை வேறு காரியத்துக்குச் செலவிட்டார். ஜவளகிரிக் காட்டில் ஒரு பெண்புலி மனிதரைத் தின்னத் தொடங்கியபோது, ஆண்புலியின் குரலைத் தம் தொண்டையிலேயே எழுப்பி அதை வரவழைத்துச் சுட்டார். கும்மளாபுரம் பக்கத்தில் ஒரு சிறுத்தை நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் ஜனங்கள் வெளியே வர அஞ்சினார்கள். பல இரவுகள் காத்திருந்தும் அது அவருக்கு அகப்படவில்லை. கடைசியில் ஒரு குடிசைக்குள் இரவு தங்கியிருந்தபோது, உடனிருந்த ஒரு நாட்டு நாயின் உறுமல் அவரை எச்சரித்தது, சிறுத்தை வீழ்ந்தது. யாருமற்ற அந்த நாயை அவர் தம் வீட்டுக்குக் கொண்டுபோய், நிப்பர் என்று பெயரிட்டு வளர்த்தார். அரசாங்கப் பதிவுகளின்படி 1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகள் எட்டுச் சிறுத்தைகளும் ஏழு புலிகளும் ஆகும்.

ஆனால், வாசகரே, இந்தக் கணக்கு அவருடைய பெருமையில் பாதிதான். அசையாமல் உட்கார்ந்திருக்கிறவன் கொல்லுவதற்கு மட்டுமா பார்க்கிறான்? நிலா எழும்ப, கடமான் காலைத் தரையில் தட்டி எச்சரிப்பதும், மயில் அகவுவதும், குரங்கு மரத்தின் மேலிருந்து கூச்சலிடுவதும், புள்ளிமான் குட்டி தாயோடு ஒட்டி நின்று நீர் அருந்துவதும் அவன் கண்ணிலும் காதிலும் விழுகின்றன. அப்படிப் பார்த்துப் பார்த்தே ஆண்டர்சனின் மனம் மாறியது. பிற்காலத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவைக் கையில் எடுத்தார். தாம் வாலிபத்தில் கண்ட காடுகள் வெறிச்சோடிப் போவதைக் கண்டு வருந்தி எழுதினார். மிச்சமிருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்று மன்றாடினார். 1974 ஆகஸ்டு 30-ம் தேதி பெங்களூரில் புற்றுநோயால் இறந்தார்.

அவர் இறப்பதற்கு இரண்டு வருஷம் முன், 1972-ல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1991-ம் ஆண்டுத் திருத்தம் லைசென்ஸ் வேட்டைக்கும் முடிவு கட்டியது. இன்று பணமுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் சட்டம் ஒன்றே. அவர் நடந்த காடுகளில் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்குச் சரணாலயமாகவும், 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

சேர்வராயன் மலையில் வாழும் நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. எஸ்டேட் வேலியோரம் எங்கேனும் சுருக்குக் கம்பி கண்ணில் பட்டால், நமக்கென்ன என்று போய்விடாமல் வனக் காவலரிடம் சொல்லுங்கள். கோடையில் ஊற்றருகே மிருகம் நின்றால், பிள்ளைகளைக் கல்லெறியவோ கூவவோ விடாதீர்கள். எட்ட நின்று, காற்றுப் பார்த்து, அசையாமல் இருக்கக் கற்றுக்கொடுங்கள். பைரா அறிந்திருந்த வித்தையும் அதுதான். தாகத்தோடு வந்த ஜீவன் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்திரமாய்த் திரும்பிப் போவதைப் பார்த்திருப்பது, அந்த வித்தைக்குக் கிடைக்கும் நல்ல கூலி.