பெறாமல் பெற்ற அன்னை

1911-ஆம் ஆண்டின் தொடக்கம். ராமேஸ்வரம் ராமநாத சுவாமி திருக்கோயில். பாம்பன் ரயில் பாலம் 1914-ல்தான் திறக்கப்பட்டது. அதனால், கடலைக் கப்பலில் கடந்து வந்து சேர்ந்திருந்தது ஒரு சிறு யாத்திரைக் கூட்டம். நடுவே, மெல்லிய சிவப்புக் கரைப் புடவையை முக்காடாகப் போட்டபடி, 57 வயது வங்காளத்து அம்மையார் ஒருவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு 11 வயதுச் சிறுமி.

அந்த அம்மையார், பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் துணைவியார் அன்னை சாரதாதேவி. சென்னையில் சுமார் ஒரு மாதம் மயிலாப்பூரில் தங்கி, கபாலீஸ்வரரைத் தரிசித்து, பிறகு மதுரை மீனாட்சியை வணங்கிவிட்டு சேதுவுக்கு வந்திருந்தார். ஏற்பாடுகள் எல்லாம் சென்னை மடத்தின் சசி மகராஜ் என்கிற சுவாமி ராமகிருஷ்ணானந்தர். அன்னை அர்ச்சிப்பதற்காக 108 தங்க வில்வ இலைகளைக்கூட அவர் செய்து வைத்திருந்தார்!

ராமநாதபுரம் சேதுபதிகளுக்கு விவேகானந்தர் காலத்திலிருந்தே ராமகிருஷ்ண பரம்பரையிடம் பெரும் பக்தி உண்டு. கோயில் நகைக் கருவூலத்தை அன்னைக்குத் திறந்து காட்டும்படியும், அவர் எதை விரும்பினாலும் கொடுத்துவிடும்படியும் அரசரிடமிருந்து உத்தரவு வந்தது. அன்னை தயங்கினார். தனக்கு எதுவும் வேண்டாம், குழந்தை ராது ஏதாவது கேட்டால் அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று மரியாதைக்குச் சொல்லி வைத்தார். ஆனால், கதவு திறந்து வைரமும் தங்கமும் கண்ணைப் பறித்ததும் அவருக்குப் படபடப்பு வந்துவிட்டது. குழந்தை ஆசைப்பட்டு எதையாவது கேட்டுவிட்டால்..? அவள் மனசில் ஆசை எழாமல் காப்பாற்றும்படி தாகூரை, அதாவது ஸ்ரீராமகிருஷ்ணரை, உள்ளுக்குள் மன்றாடினார்.

சிறுமி எல்லாவற்றையும் பார்த்தாள். இதில் எதுவும் தனக்கு வேண்டாம், தன் பென்சில் தொலைந்துவிட்டது, ஒரு பென்சில்தான் வேண்டும் என்றாள்! அன்னைக்கு உயிர் வந்தது. வெளியே வந்ததும் கடைத்தெருவில் சில காசுகளுக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தார்.

கடையில் குழந்தை எதையோ பார்க்கும்போது நமக்கெல்லாம் வயிற்றில் ஒரு பயம் வருமே... அதே பயம்தான். அன்னை சாரதைக்கும் வந்திருக்கிறது. ஆனால், அந்தக் குழந்தை அவர் வயிற்றில் பிறந்தது அல்ல.

வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் உள்ள ஜெயராம்பாடி கிராமத்தில், 1853 டிசம்பர் 22 அன்று ராமச்சந்திர முகோபாத்யாயர் - சியாமாசுந்தரி தம்பதிக்குத் தலைமகளாகப் பிறந்தவர் சாரதை. 1859-ல் அந்தக் கால வழக்கப்படி, பால்ய விவாகம். வருடங்கள் கழித்து, 1872-ல் தட்சிணேஸ்வரம் வந்து கணவருடன் சேர்ந்தார். ஸ்ரீராமகிருஷ்ணரோ மனைவியைத் தேவியாகவே பார்த்தவர். பீடத்தில் அமர்த்தி, ஷோடசி பூஜை செய்து, தன் ஜபமாலை உட்பட எல்லாவற்றையும் அவர் பாதத்தில் சமர்ப்பித்தவர். இருவரும் கடைசிவரை பிரம்மசரியம் காத்தனர்.

இந்த மகிமையெல்லாம் இன்று நமக்குத் தெரிகிறது. அன்று ஊருக்குத் தெரியுமா? பைத்தியக்கார மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே, என் மகளை அம்மா என்று கூப்பிட ஒரு குழந்தை இல்லையே என்று பெற்றவள் சியாமாசுந்தரி புலம்பினாள். குழந்தை இல்லாததற்குக் காரணம் எதுவாக இருந்தாலும், அக்கம்பக்கத்தார் பேசுவது என்னவோ ஒன்றுதான்! புலம்பல் மாப்பிள்ளையின் காதிலும் விழுந்தது. கவலைப்பட வேண்டாம், அம்மா அம்மா என்ற அழைப்பைக் கேட்டுக் கேட்டு உங்கள் மகளுக்குக் காது சலித்துப் போகும் காலம் வரும் என்று மாமியாரைத் தேற்றினார் அவர்.

1886 ஆகஸ்ட் 16-ல் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். பின்பு, கணவரின் ஊரான காமார்புகூரில் தனியாக வாழ்ந்த நாட்களில், சோற்றுக்கு உப்புகூட இல்லாத வறுமையை அன்னை அனுபவித்தார். மனம் உலகில் ஒட்டவே இல்லை. எதற்காக இந்த உடம்பு இன்னும் இருக்கிறது என்று தவித்துக் கிடந்தபோது ஒரு தரிசனம். சிவப்பு உடை உடுத்திய, பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் காட்டி, இவளைப் பிடித்துக்கொண்டு இரு என்று தாகூர் சொல்லி மறைந்தார். யார் அந்தச் சிறுமி? அப்போது விளங்கவில்லை.

விளங்கியது ஒரு துக்கத்தின் வழியாக. அன்னையின் கடைசித் தம்பி அபயசரண், மருத்துவம் படித்துத் தேறியவர். குடும்பத்தின் நம்பிக்கை. 1899-ல் காலரா கண்டு இறந்துபோனார். அப்போது அவர் மனைவி சுரபாலா கர்ப்பிணி. அவளையும் பிறக்கப்போகும் சிசுவையும் அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் தம்பி கண்ணை மூடினார். அடுத்தடுத்த சாவுகளைத் தாங்க முடியாமல் சுரபாலாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அந்த நிலையிலேயே 1900 ஜனவரியில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அதுதான் ராது... ராதாராணி.

ஒரு நாள், சுரபாலா கந்தல் துணிகளை அள்ளிக்கொண்டு, பாதி தரையில் புரள, போய்க்கொண்டிருந்தாள். தவழும் குழந்தை அழுதுகொண்டே பின்னால் போனது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை. இதைக் கண்ட அன்னைக்கு நெஞ்சு பதறியது. அப்பன் முகம் அறியாத குழந்தை, அம்மாவோ சித்தம் கலங்கியவள், நான் பார்க்காவிட்டால் இதை யார் பார்ப்பார்கள்? ஓடிப்போய் வாரி எடுத்தார். அந்தக் கணமே தாகூரின் குரல் மீண்டும் கேட்டது. அன்று காட்டிய சிறுமி இவளேதான்!

அன்று முதல் ராது, அன்னையின் மகள். காசிக்குப் போனாலும், ராமேஸ்வரம் போனாலும் கூடவே போனாள். தென்னாட்டு யாத்திரை முடிந்து திரும்பிய அதே 1911-ல், அவளுக்கு மன்மதன் என்ற பையனைப் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார்.

துறவிகள் வந்து பணியும் குருமாதா, ஒரு பெண் குழந்தையின் பின்னால் இப்படி அலைகிறாரே என்று பக்தர்களுக்கே புரியவில்லை. அன்னைக்கு மிக நெருக்கமான யோகின்மாவுக்கே, இவரும் நம்மைப் போல சம்சாரத்தில் மூழ்கியவர்தானா என்று சந்தேகம் வந்தது. அவர் கங்கைக் கரையில் தியானத்தில் இருந்தபோது ஸ்ரீராமகிருஷ்ணர் தோன்றி, தண்ணீரில் குடல் சுற்றி மிதந்து போகும் ஒரு சிசுவின் உடலைக் காட்டினார். இதனால் கங்கை தீட்டுப்பட்டுவிடுமா, இவரையும் அப்படியே அறிந்துகொள் என்று உணர்த்தினார். யோகின்மா ஓடிவந்து அன்னையின் காலில் விழுந்தார்.

ராது கர்ப்பமானாள். வீடே மகிழ வேண்டிய நேரம். ஆனால், அவளுக்கு நரம்புத் தளர்ச்சி. சின்னச் சத்தத்தைக்கூடத் தாங்க முடியவில்லை. கல்கத்தா வீதிகளின் இரைச்சலுக்கு எங்கே போவது? இடம் மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. 65 வயதில், சொந்த உடம்பும் நொந்திருந்த நிலையில், 1919-ன் தொடக்கத்தில் அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டார் அன்னை. ஜெயராம்பாடிக்கு அருகே, மரங்கள் சூழ்ந்த கோயால்பாரா என்ற அமைதியான கிராமத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் தங்கினார்.

வைத்தியம் பார்த்தார். தாயத்துக் கட்டினார். மந்திரிப்பவர்களை வரவழைத்தார். யார் எந்தத் தெய்வத்தைச் சொன்னாலும் நேர்ந்துகொண்டு காசு முடிந்து வைத்தார். தன் நோயை ஒருமுறை தீர்த்து வைத்த ஜெயராம்பாடி சிம்மவாஹினி அம்மன் கோயில் மண்ணை ஒரு டப்பியில் வைத்திருப்பார். தினமும் தானும் துளி எடுத்துக்கொண்டு ராதுவுக்கும் கொடுப்பார். ஜகன்மாதாவே என்று உலகம் வணங்குபவருக்கு வேண்டுதல் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டு மகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள்!

அந்த நாட்களில்தான் இன்னொரு தம்பி மகள் மாகுவின் சின்னஞ்சிறு மகன் நேடா, தொண்டை அடைப்பான் நோயில் போய்ச் சேர்ந்தான். கொஞ்சி வளர்த்த பேரக்குழந்தை. அன்னை கதறி அழுதார். துக்கத்தோடு துக்கமாக, மற்றவள் பிரசவத்தையும் பார்த்தாக வேண்டும்.

பேறுகாலத்துக்கு உதவ வந்தவர் சரளா. நிவேதிதா பள்ளியில் படித்து, நர்ஸ் பயிற்சி பெற்ற இளம் பெண். 1954-ல் துறவினிகளுக்கான ஸ்ரீசாரதா மடம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற பாரதிபிராணா மாதாஜி இவரேதான். 1919 மே மாதம் ராதுவுக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. வனம் போன்ற இடத்தில் பிறந்ததால் வனவிஹாரி, செல்லமாக பனு.

கஷ்டம் அதோடு தீர்ந்ததா? இல்லை. பிள்ளை பெற்றவளால் மாதக்கணக்கில் எழுந்து நிற்கவே முடியவில்லை. வலிக்காகக் கொடுத்த அபின் பழக்கமாகிவிட்டது. குழந்தையையும் அன்னையேதான் பார்த்தார். என் மகளை என்னிடமிருந்து பிரித்து அபின் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று சுரபாலா ஒரு பக்கம் வைதாள்.

ஜெயராம்பாடிக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள். அன்னை காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ராது அபின் கேட்டு வந்து நின்றாள். அளவைக் குறைத்துக்கொண்டு வந்த அன்னை, எழுந்து நடமாடப் பழகு என்று கடிந்துகொண்டார். ஆத்திரத்தில் ராது, கூடையிலிருந்த பெரிய கத்தரிக்காயை எடுத்து ஓங்கி எறிந்தாள். முதுகில் விழுந்தது. வலியில் வளைந்துபோனார், முதுகு வீங்கிவிட்டது.

அன்னை செய்த முதல் காரியம், தாகூரின் படத்தைப் பார்த்துக் கைகூப்பியது. இவள் அறியாதவள், இந்தக் குற்றத்தை மனதில் கொள்ளாதே என்று வேண்டினார். பிறகு தன் பாத தூளியை எடுத்து அவள் தலையில் வைத்தார். தாகூர் ஒருநாளும் தன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, நீ இவ்வளவு நோக வைக்கிறாயே என்று மட்டும் சொன்னார். ராது அழுதாள்.

அதன்பின் அன்னையைக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. 1920 பிப்ரவரியில் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தார்கள். காலா அசார் என்றனர் மருத்துவர்கள். உடம்பு கரையக் கரைய, அத்தனை காலம் ராதுவைப் பற்றியிருந்த மனம் விலகத் தொடங்கியது. அவளை ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார். தவழ்ந்து படுக்கைக்கு வந்த பனுவைக்கூடத் தூக்கிப் போகச் சொன்னார். சுற்றியிருந்தவர்களுக்குத் திக்கென்றது. ராதுவிடமிருந்து மனதை எடுத்துவிட்டால், இனி உடம்பு தங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். சாரதானந்தர் எவ்வளவோ முயன்று பார்த்தார், மனம் திரும்பவில்லை. 1920 ஜூலை 21, நள்ளிரவு தாண்டிய வேளையில் அன்னை மகாசமாதி அடைந்தார்.

ஜெயராம்பாடியில் அன்னை பிறந்த இடத்தில் 1923-ல் மாத்ரு மந்திர் எழுந்தது. 1916 முதல் அவர் வசித்த மண் வீட்டையும் பாதுகாத்து வருகிறார்கள். கத்தரிக்காய் விழுந்த சம்பவம் நடந்த காலத்தில் அவர் இருந்தது இந்த வீட்டில்தான். சிம்மவாஹினி அம்மன் கோயில் அங்கிருந்து நடந்து போகும் தூரம். பிரசாதமாகத் தருவது, அன்று போலவே, கோயில் மண்.