ஆபிரகாம் பண்டிதர்

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சுருளி மலைக்குச் செல்லும் நம்மவருள், அம்மலைக்கும் இசைத்தமிழுக்கும் உள்ள உறவை அறிந்தார் சிலரே. அவ்வுறவுக்குக் காரணராயினார் ஆபிரகாம் பண்டிதர்.

இவர் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டிற் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியத் தொழில் பூண்டார். சுருளி மலையிற் கருணானந்த மகரிஷியைக் குருவாகப் பெற்று மருத்துவம் கற்றார். பின்னர்த் தஞ்சையிற் குடியேறி, மருந்து செய்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டி, அதனை இசையாராய்ச்சிக்கு வாரி வழங்கினார்.

தென்னாட்டிசையோடு மேனாட்டிசையும் பயின்றவராதலின், இரண்டையும் ஒரே துலையிலிட்டு நிறுத்தார். ஒரு ஸ்தாயியிற் சுருதிகள் 22 என்பது வடநூற் கொள்கை. பியானோவிலோ ஸ்தாயி 12 சமபாகமாகப் பகுக்கப்பட்டுள்ளது. பண்டிதர் சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து, பழந்தமிழர் கொண்டதும் சமபாகமே என்றும், அப்பன்னிரண்டையும் இருகூறாக்கச் சுருதி 24 ஆமென்றும் வாதித்தார். இடைவெளிகள் சமமாயினன்றோ, எச்சுரத்தை ஆதாரமாக்கினும் பண்கள் பிழையின்றிப் பிறக்கும்? இதுவே அவர் வாதத்தின் உயிர்நிலை.

1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் நிறுவித் தம் செலவில் மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடா மாநாட்டில், தம் புதல்வியர் வீணையில் இசைத்துக் காட்டத் தம் கொள்கையை விளக்கினார். அறிஞர் யாவரும் உடன்பட்டாரல்லர், அவரோ தளர்ந்தாரல்லர். மறு ஆண்டே, குருவின் பெயர் விளங்கக் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1919-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

சுருதி வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எனினும், மருந்து விற்ற காசை மாநாட்டுக்கும் நூலுக்கும் ஈந்த அவ்வுள்ளத்தை நாம் வணங்குகின்றோம். நம்மிற் பொருளுடையார் ஒவ்வொருவரும் ஓர் இளைஞனுக்கேனும் இசை கற்க உதவுவாராக.