மூச்சுக்கு ஒரு மதிப்பெண்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களின் மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: உயிர் பிழைப்பாரா, மாட்டாரா? நுரையீரல் செயலிழந்து செயற்கை சுவாசக் கருவியின் துணையோடு கிடக்கும் நோயாளி எனில், அக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதற்கு விடை காண, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு போன்றவற்றுக்குப் புள்ளிகள் இட்டுக் கூட்டிப் பார்க்கும் முறைகள் இன்று பல உள்ளன.

உயிரின் நிலையை இவ்வாறு எளிய எண்ணாக்கிக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர், அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார்.

1909 ஜூன் 7 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில் அவர் பிறந்தார். அண்ணன் ஒருவரைக் காசநோய்க்குப் பறிகொடுத்த குடும்பம் அது. மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் விலங்கியல் பயின்று, 1933-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அறுவை சிகிச்சை நிபுணராவதே அவரது விருப்பம். ஆனால், பெருமந்தம் நிலவிய அக்காலத்தில் ஒரு பெண் அத்துறையில் காலூன்றுவது அரிது எனக் கருதிய துறைத் தலைவர் ஆலன் விப்பிள், அவரை மயக்கவியலின் பக்கம் திருப்பிவிட்டார். மருத்துவர்கள் பெரிதும் நாடாத துறை அது. அப்கார் அதை மனமுவந்து கற்றார். 1938-இல் கொலம்பியாவின் மயக்கவியல் பிரிவுக்குத் தலைவரானார். 1949-இல் அம்மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியர் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது. எனினும், அப்பிரிவு தனித் துறையானபோது தலைமைப் பொறுப்பு ஓர் ஆணுக்கே சென்றது. அதன் பின்னர், அவரது கவனம் மகப்பேறு அறையின் பக்கம் திரும்பியது.

அங்கு அவர் கண்டது ஒரு பெருங்குறை. பிரசவத்தின்போது அனைவரது கவனமும் தாயின் மீதே இருந்தது. மூச்சுவிடத் திணறி, நீலம் பாரித்துப் பிறந்த சிசுக்களுள் சில, பிழைக்காது என்ற எண்ணத்தில் கைவிடப்பட்டன. குழந்தையின் நிலையை அளக்கப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை.

1952-இல் அப்கார் அதை வகுத்தார். இதயத் துடிப்பு, சுவாசம், தசை முறுக்கு, தூண்டலுக்கு எதிர்வினை, உடல் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0, 1 அல்லது 2 புள்ளிகள், மொத்தம் 10. பிறந்து ஒரு நிமிடத்தில், எந்தக் கருவியும் இன்றி, ஒரு செவிலியரே மதிப்பிட்டுவிடலாம்.

1953-இல் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரை அதன் ஆற்றலைக் காட்டியது. நிறைமாதக் குழந்தைகளுள் 2-க்கு மேல் பெறாதவர்களில் 14 சதவீதத்தினர் இறந்தனர். 8 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் இறந்தோர் 0.13 சதவீதம் மட்டுமே.

ஆனால், முன்கணிப்பு அல்ல அவரது சாதனை. குறைந்த மதிப்பெண் என்பது, மூச்சுக் குழாயைச் சுத்தம் செய், ஆக்சிஜன் கொடு, உடனே செயல்படு என்ற கட்டளையாகவே அமைந்தது. பஞ்சம் வரும் என்ற பொருளாதார எச்சரிக்கை, பஞ்சம் வராமல் தடுக்கப்படும்போதுதான் பயன் பெறுகிறது. அப்காரின் எண்ணும் அத்தகையதே. ஐந்தாவது நிமிடத்தில் மீண்டும் மதிப்பிடும் வழக்கம், சிகிச்சை பலித்ததா என்பதையும் காட்டியது.

அந்த எண்களுக்குத் தம்மையும் அவர் உட்படுத்திக்கொண்டார். தாய்மாருக்குத் தரப்பட்ட சைக்ளோபுரோப்பேன் என்ற மயக்க வாயு சிசுக்களைத் தளரச் செய்வதை ஆய்வுகள் காட்டியபோது, தமக்கு மிகவும் பிடித்தமான அவ்வாயுவைக் கைவிட்டார்.

1959-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்று, பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' அமைப்பில் இணைந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் பணியிலேயே வாழ்ந்த அவர், 1974 ஆகஸ்ட் 7 அன்று காலமானார்.

இன்று அமெரிக்க குழந்தை மருத்துவ, மகப்பேறு மருத்துவ அமைப்புகள் ஓர் எச்சரிக்கையை விடுத்துள்ளன. இம்மதிப்பெண்ணை மட்டும் கொண்டு ஒரு தனிக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்பதே அது. புள்ளியியல் அறிந்தோர்க்கு இது புதிதன்று. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய உண்மை. கட்டிலில் கிடக்கும் ஒருவரைப் பற்றிய தீர்ப்பு அன்று. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற 100 குழந்தைகளுள் 14 பேர் இறந்தனர் எனில், 86 பேர் பிழைத்தனர் என்பதும் அதே கணக்குதான்.

கரோனா காலத்தில், சுவாசக் கருவிகள் போதாமல் போனால் யாருக்கு முன்னுரிமை என்பதைத் தீர்மானிக்க, நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண்களை அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் வழிகாட்டுதல்கள் நாடின. பற்றாக்குறையின்போது ஏதேனும் ஓர் அளவுகோல் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிழைக்க மாட்டார் என ஒதுக்கப்பட்டவர் பிழைக்கவே மாட்டார். கணிப்பு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும்.

ஒதுக்கிவைக்கப்பட்ட சிசுக்களின் பக்கம் மருத்துவர்களின் பார்வையைத் திருப்பவே அப்கார் எண்களைக் கையில் எடுத்தார். கணினிகள் நொடிப்பொழுதில் முன்கணிப்புகளைத் தரும் இக்காலத்தில், யாரைக் கைவிடலாம் என்று கேட்பதற்கு அல்ல, யாருக்கு முதலில் கைகொடுக்க வேண்டும் என்று அறிவதற்கே அவை பயன்பட வேண்டும்.