இலங்கைக் கப்பலில் ஏறாமல் திரும்பிய யுவான் சுவாங்!

2023 ஜூன் மாசம். நவரை அறுத்து, நெல்லைப் போட்டு, கையில கொஞ்சம் காசு புரண்ட நேரம். உத்திரமேரூர் பக்கத்துல கிராமத்துல இருக்கிற என் பெரியம்மா பையன், கல்யாணம் ஆனதுல இருந்து அண்ணியை எங்கேயும் கூட்டிட்டுப் போகாத குறையைத் தீர்க்க, கப்பல் பயணத்துக்குப் பிளான் போட்டான். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஹம்பன்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கையைச் சுத்திக் காட்டுற சொகுசுக் கப்பல் அப்போதான் ஓட ஆரம்பிச்சிருந்தது.

பெரியம்மா ஒரே பிடியா வேண்டாம்னுட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஜூலையில கொழும்பு ஜனாதிபதி மாளிகைக்குள்ள ஜனங்க புகுந்து நீச்சல் குளத்துல குதிச்சதை டிவியில பார்த்தவங்க அவங்க. நாட்டோட தலைவரே ராத்திரியோட ராத்திரியா ஓடின ஊருக்கு நீ எதுக்குடா போறேங்கிறது அவங்க கட்சி. பயந்தா வீட்டைவிட்டே வெளிய போகமுடியாதுங்கிறது அண்ணன் கட்சி. ரெண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை.

அந்தச் சண்டைக்கு நடுவில் எனக்கு ஞாபகம் வந்தவர் ஒரு சீனத் துறவி. கிட்டத்தட்ட 1,380 வருஷத்துக்கு முன்னாடி, எங்க ஊர்ல இருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கிற காஞ்சிபுரத்தில் நின்னு, இதே இலங்கைக்குக் கப்பல் ஏறலாமா வேண்டாமான்னு முடிவெடுத்தவர்.

யுவான் சுவாங்கை நமக்கெல்லாம் ரெண்டு மார்க் கேள்வியாகத்தான் தெரியும். பல்லவர் பாடத்தில் வருவார். நரசிம்மவர்மன் காலத்தில் காஞ்சிக்கு வந்தார்னு எழுதினால் மார்க் கிடைச்சிடும். எதுக்கு வந்தார்னு வாத்தியாரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. அவர் காஞ்சிக்கு வந்ததே அங்கிருந்து கப்பல் ஏறத்தான்.

பதின்ம வயதில் ஓர் அகதி

602-ல் சீனாவின் லோயாங் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். நாலு பையன்களில் கடைக்குட்டி. ஒரு அண்ணன் ஏற்கெனவே பௌத்தத் துறவி என்பதால், சின்ன வயசிலேயே மடத்தில் சேர்ந்துவிட்டார். நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாடு சரிந்தது. சுயி வம்சத்து ஆட்சி ஆட்டம் கண்டு, 618-ல் பேரரசரையே கொன்றுவிட்டார்கள். ஊருக்கு ஊர் கொள்ளை, பஞ்சம். மடத்துக்கு அரிசி கொடுக்க ஆளில்லை. அண்ணனும் தம்பியும் லோயாங்கை விட்டு சாங்கானுக்கு ஓடினார்கள். அங்கேயும் நிலைமை சரியில்லாமல், மலை தாண்டி செங்டு போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த இடத்தை மனசில் வெச்சுக்கோங்க. அரசன் செத்தால் ஒரு மடத்தின் அடுப்பு எப்படி அணையும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. பதின்ம வயதில் பசியோடு நடந்து தெரிந்துகொண்டார்.

அதே ஆள் ரிஸ்க் எடுக்கத் தயங்காதவர் என்பதும் உண்மை. பௌத்த நூல்களின் சீன மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்க, மூலத்தையே தேடி இந்தியா போவதென்று முடிவெடுத்தார். அப்போது சீனாவின் எல்லை மூடியிருந்தது. வெளிநாடு போக அரசு அனுமதி கிடையாது. 629 வாக்கில், அனுமதி இல்லாமலே கிளம்பினார். பகலில் பதுங்கி, இரவில் நடந்தார். காவல் கோபுரத்திலிருந்து பறந்த அம்புகள் மயிரிழையில் தப்பின. கோபி பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கைநழுவிக் கொட்டிப்போக, நாலு ராத்திரி அஞ்சு பகல் ஒரு சொட்டு இல்லாமல் கடந்தார்.

டர்ஃபான் பகுதியில் இருந்த காவ்சாங் நாட்டு அரசர், இவரைத் தன் ராஜகுருவாக அங்கேயே இருக்கச் சொல்லி அடம்பிடித்தார். இவர் மூன்று நாள் சாப்பிடாமல் உட்கார்ந்து காரியத்தைச் சாதித்தார். திரும்பி வரும்போது கட்டாயம் வந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் அரசர் வழிவிட்டார். வெறுங்கையோடும் அனுப்பவில்லை. குதிரைகள், தங்கம், வழியில் உள்ள 24 நாட்டு அரசர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள். இன்றைய பாஷையில் சொன்னால், 24 நாட்டு விசா ஒரே கட்டாக!

அப்படியும் தியான்ஷான் பனிமலையில் கூட வந்தவர்களில் பலர் செத்துப்போனார்கள். கங்கையில் படகை மறித்த கொள்ளைக்காரர்கள் இவரை துர்க்கைக்குப் பலிகொடுக்க மேடையே போட்டுவிட்டார்கள். நேரம் பார்த்து அடித்த புயல்காற்றைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டார்கள் என்கிறது, இவருடைய சீடர் எழுதிய வாழ்க்கை வரலாறு. பயந்தவன் வீட்டைவிட்டு வெளியே போகமாட்டான் என்ற என் அண்ணனின் அளவுகோலில் இவர் நூற்றுக்கு நூறு.

மூணு நாள் கடல்

நாளந்தாவில் முதிய ஆசான் சீலபத்திரரிடம் வருஷக்கணக்கில் யோகாசார தத்துவம் படித்தார். பிறகு கிழக்கே நடந்து, இன்றைய மேற்கு வங்கத்தின் தம்லுக், அதாவது அன்றைய தாம்ரலிப்தி துறைமுகத்துக்கு வந்தார். இலங்கையில் திரிபிடகம் கற்ற பெரிய துறவிகள் இருக்கிறார்கள், யோகாசார நூலுக்கும் விளக்கம் சொல்வார்கள் என்று அங்கே கேள்விப்பட்டதும் உடனே கப்பல் தேடினார்.

தடுத்தவர் ஒரு தென்னாட்டுத் துறவி. இவ்வளவு தூரம் கடலில் போகாதீர்கள், காற்றும் அலையும் மோசம். தரைவழியாகத் தெற்கே போனால் அங்கிருந்து இலங்கைக்கு மூணே நாள்தான், வழியில் ஒடிசா முதல் பல நாடுகளையும் பார்க்கலாம் என்று அவர் யோசனை சொன்னார். இவருக்கும் சரியென்று பட்டது. இவருக்கு 200 வருஷம் முன்னால் அதே துறைமுகத்தில் கப்பல் ஏறி இலங்கை போன பாஹியான் என்ன பாடுபட்டார் தெரியுமா? ஊர் திரும்பும் வழியில் முதல் கப்பல் ஓட்டை. அடுத்த கப்பலில் புயல் அடித்தபோது, இந்தத் துறவியை ஏற்றியதால்தான் கெட்ட நேரம், ஏதாவது ஒரு தீவில் இறக்கிவிடலாம் என்று சக பயணிகள் பேசவே ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆக, இலங்கை போவதற்காகவே யுவான் சுவாங் ஒடிசா, கலிங்கம், ஆந்திரம், அமராவதி என்று நடந்து 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தார். உத்திரமேரூரை நந்திவர்ம பல்லவன் பிரம்மதேயமாக ஏற்படுத்த அப்போது இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. நம்ம ஊர்ப் பக்கம் அவர் வந்ததாகக் குறிப்பு ஏதும் இல்லை. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டைப் பற்றி நல்லவிதமாகவே எழுதியிருக்கிறார். வளமான மண், வெயில் அதிகம், ஜனங்கள் தைரியசாலிகள், படிப்பை மதிக்கிறவர்கள். நூறு பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள். நாளந்தாவின் பெரிய ஆசானாக இருந்த தர்மபாலர் பிறந்ததும் இதே காஞ்சியில்தான்.

காஞ்சியை இலங்கைக்குப் போகும் துறைமுகம் என்றே அந்த வாழ்க்கை வரலாறு சொல்கிறது. காஞ்சியில் ஏது கடல்? சுமார் 65 கி.மீ. தள்ளியிருக்கும் மாமல்லபுரத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில், எதிர்த்திசையிலிருந்து கப்பல் வந்தது. இறங்கியவர்கள் இலங்கைத் துறவிகள். ஒருவர் இருவர் அல்ல, 300 பேருக்கு மேல்! தலைமை தாங்கி வந்தவர்கள் போதிமேகேஸ்வரர், அபயதம்ஷ்ட்ரர் என்ற இரண்டு மூத்தவர்கள். யுவான் சுவாங்குக்கு ஆச்சரியம். நான் உங்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறேன், நீங்கள் ஏன் இங்கே என்று விசாரித்தார். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம், எங்களை ஆதரிக்க யாரும் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள்.

லோயாங்கில் அவர் பார்த்த அதே காட்சி. இடமும் மொழியும்தான் வேறு.

அவர்கள் சொன்னதில் மிகை இல்லை. இலங்கையில் அந்தச் சில பத்தாண்டுகள் மூன்றாம் அக்கபோதி, ஜேட்டதிஸ்ஸன், தாட்டோபதிஸ்ஸன் என்று அரியணைக்கு மாறி மாறி நடந்த அடிதடிக் காலம். படைவீரர்களுக்குக் கூலி கொடுக்க விகாரைகளின் செல்வத்திலேயே அரசர்கள் கைவைத்ததை இலங்கையின் சொந்த வரலாற்று நூலான சூளவம்சமே சொல்கிறது. மடத்துச் சொத்து போனால் மடத்தில் இருப்பவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்?

என்னை யோசிக்க வைத்தது அதற்கு அடுத்து அவர் செய்த காரியம். ஆபத்தைக் கேட்டதும் மூட்டையைக் கட்டவில்லை. அந்தத் துறவிகளை உட்காரவைத்து, தான் இலங்கைக்கு எதற்காகப் போக நினைத்தாரோ, அந்த யோகாசார நூலின் கடினமான பகுதிகளுக்கு விளக்கம் கேட்டார். அவர்கள் சொன்னது எதுவும் சீலபத்திரர் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்ததைத் தாண்டிப் போகவில்லை. கற்றவர்கள் இந்தக் கரைக்கு வந்தாயிற்று. அவர்களிடம் கேட்க வேண்டியதையும் கேட்டாயிற்று. இனி அந்தக் கரையில் என்ன இருக்கிறது? பயணம் கேன்சல்.

மூணே நாள் தூரம். அதற்காக இந்தியாவின் கிழக்குக் கரை முழுக்க நடந்து வந்திருக்கிறார். இவ்வளவு தூரம் வந்துட்டோமே, ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடலாம்னு நமக்கெல்லாம் தோணும். அட்வான்ஸ் கட்டிய பணம் போயிடுமேன்னே பாதிப் பேர் கிளம்புவோம். பல டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் போர், உள்நாட்டுக் கலவரத்தால் வர்ற நஷ்டத்துக்குப் பைசா கிடையாதுங்கிறதை டிக்கெட் போட்ட பிறகுதான் படிச்சுப் பார்ப்போம்.

கப்பல் கம்பெனிகளும் சில சமயம் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. 2015 மார்ச்சில் துனிசியாவின் துனிஸ் துறைமுகத்தில் இரண்டு பெரிய சொகுசுக் கப்பல்கள் நின்றன. இறங்கிப் பார்டோ மியூசியம் பார்க்கப் போன பயணிகள் மீது துப்பாக்கிச்சூடு. 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனிகள் துனிஸை ரூட்டிலிருந்து எடுத்தன. கப்பல் எவ்வளவு பத்திரமானதாக இருந்தாலும், பலகையில் கால் வைத்து இறங்கியதும் நீங்க அந்த ஊர் ஆள்.

பத்திரமான ஊர் எது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கை ஆபத்து என்று ஓடிவந்தவர்கள் அமைதி தேடி இறங்கிய காஞ்சி மட்டும் என்ன பாதுகாப்பா? அதே காலகட்டத்தில் பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் ஜென்மப் பகை. இரண்டாம் புலிகேசியின் படை காஞ்சிக்குப் பக்கத்தில் மணிமங்கலம் வரை வந்து நரசிம்மவர்மனோடு மோதியதைக் கூரம் செப்பேடு சொல்கிறது. 642 வாக்கில் நரசிம்மவர்மன் வாதாபியையே கொளுத்திவிட்டுத் திரும்பினான். யுவான் சுவாங் காஞ்சியை விட்டு வடமேற்கே நடந்து சேர்ந்த மகாராஷ்டிர நாடு, அந்தப் புலிகேசியுடையதுதான்! இரண்டு எதிரிகளின் ஊரிலும் நல்ல விருந்தாளியாக இருந்துவிட்டு, அடி விழுவதற்கு முன் வெளியே வந்துவிட்டார்.

காஞ்சியிலிருந்து அவர் தனியாகப் போகவில்லை. அந்த இலங்கைத் துறவிகளில் சுமார் 70 பேர் கூடவே நடந்தார்கள். அவர்களை ஆண்ட நாட்டின் இன்னொரு அகதியும் பின்னர் இதே காஞ்சியில் இருந்தார். அரியணையைப் பறிகொடுத்த மானவர்மன் என்ற இளவரசர். நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, அவனுக்காகப் போரிட்டு, பல்லவக் கப்பல்படையோடு இரண்டு முறை கடல் தாண்டினார். முதல் முறை தோல்வி. இரண்டாவதில் அரசரானார். யுவான் சுவாங் தாண்டாமல் விட்ட கடலைத்தான் அவர் படையோடு தாண்டினார்.

சீனாவுக்குத் திரும்பும் நேரம் வந்தபோது, கடல்வழியாகப் போவதானால் ஆட்களை அனுப்பி உதவுவதாக ஹர்ஷர் சொன்னார். யுவான் சுவாங் தரைவழியைத்தான் கேட்டார். காவ்சாங் அரசருக்குக் கொடுத்த வாக்கு பாக்கியிருந்தது. ஆனால், அந்த நாட்டைச் சீனப் படை 640-லேயே பிடித்துக்கொண்டது. அரசரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் காஞ்சியில் நின்று இலங்கைச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த அதே வாக்கில்! இலங்கை நிலவரம் சொல்ல 300 பேர் நேரில் வந்தார்கள். காவ்சாங் நிலவரம் சொல்ல அந்தக் கரையில் யாரும் இல்லை.

சிந்து நதியைக் கடக்கும்போது படகு ஆடி, 50 சுவடிகளும் சேகரித்து வைத்திருந்த பூச்செடி விதைகளும் தண்ணீரோடு போயின. கடலில் தப்பியவரை ஆறு பிடித்துக்கொண்டது. காவ்சாங் வழியாகப் போகாமல் தெற்குப் பாதையில் கோட்டானை அடைந்து, அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்டுப் பேரரசருக்குக் கடிதம் எழுதினார். பதில் சாதகமாக வந்தது. 645-ல் 657 சுவடிகளோடு சாங்கானுக்குள் நுழைந்தபோது தெருவெல்லாம் கூட்டம்.

அடுத்த 19 வருஷமும் மொழிபெயர்ப்புதான். 75 நூல்கள், 1,335 பகுதிகள். பேரரசர் மந்திரி பதவி தருவதாகக் கூப்பிட்டும் போகவில்லை. 664-ல் இறந்தார்.

646-ல் முடித்த பயணநூலில் இலங்கைக்கும் ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். காஞ்சி மடங்களை எண்ணிக்கையோடு சொன்னவர், இலங்கை பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி சிங்கத்துக்குப் பிறந்த ராஜாவின் கதை, வியாபாரிகளை மயக்கித் தின்ற ராட்சசிகளின் கதை. எல்லாம் கேள்விப்பட்டது. அந்த மூணு நாள் கடலுக்கு அவர் கொடுத்த விலை அது.

பெரியம்மா வீட்டுச் சண்டை என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? அண்ணி, தன் காலேஜ் ஃப்ரெண்டோட சொந்தக்காரங்க திருகோணமலையில இருக்காங்கன்னு தேடிப் பிடிச்சு போன் போட்டாங்க. பெட்ரோலுக்கு இப்ப வரிசை இருக்கா, கடைகள்ல சாமான் கிடைக்குதா, ராத்திரி எட்டு மணிக்குப் பொம்பளைங்க தெருவுல நடக்கறாங்களான்னு ஒண்ணு ஒண்ணா விசாரிச்சாங்க. போன் ஸ்பீக்கர்ல இருந்தது. பெரியம்மா முறத்தைக் கீழ வெச்சுட்டு, பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க.